உங்கள் சார்ஜர் நல்லதா? பழைய ரேடியோவிடம் கேளுங்கள்!

ரயில் பிளாட்பாரத்திலோ பஸ் ஸ்டாண்ட் கடையிலோ அவசரத்துக்கு வாங்கிய சார்ஜர் ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். பெட்டி கிடையாது, பில் கிடையாது. பெயர் மட்டும் ஏதோ பிரபல கம்பெனியின் பெயர் மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும். போன் சார்ஜ் ஆகிறதே, அப்புறம் என்ன என்று அதுவும் வருடக்கணக்கில் பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ரேடியோ ஆர்வலர்களிடம் ஒரு சுலபமான வழி உண்டு. செல் போட்டு ஓடும் சின்ன ரேடியோ ஒன்று போதும். எம்.டபிள்யூ. அல்லது ஏ.எம். என்று போட்டிருக்கும் மத்திய அலைப் பக்கம் திருப்பி, எந்த நிலையமும் கேட்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்த வேண்டும். லேசான இரைச்சல் மட்டும் வரும். இப்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ரேடியோவை சார்ஜர் பக்கம் மெல்லக் கொண்டுபோக வேண்டும். ஒழுங்காகச் செய்த சார்ஜர் என்றால் மிகவும் பக்கத்தில் போன பிறகுதான் 'ர்ர்ர்' என்று முனகும். இல்லையென்றால் அறை வாசலில் நுழையும்போதே கரகரவென்று கத்த ஆரம்பித்துவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய தொழிற்சாலைக் குடியிருப்புகளில் சுற்றினால் இந்த மாதிரிக் கைவேலைக்காரர்களுக்குப் பஞ்சம் இருக்காது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்ததிலிருந்து, ஸ்குரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் வீட்டுச் சாமானாகிவிட்ட வட்டாரம் இது. இங்கே ஒருவர் ரேடியோவைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டார் என்றால், புது மிக்ஸி முதல் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் வரை எல்லாவற்றையும் அதன் காது வழியாகத்தான் எடைபோடுவார்.

ரேடியோ ஏன் கத்துகிறது?

சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்க அந்தக் காலத்தில் கனமான டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள். பழைய டேப் ரெக்கார்டரோடு வந்த கறுப்பு அடாப்டர் கையில் கல் மாதிரி கனத்ததற்கு அதுதான் காரணம். இன்றைய சார்ஜர் வேறு வழியில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அதனால்தான் தீப்பெட்டி அளவில் சார்ஜர் செய்ய முடிகிறது.

இப்படி வெட்டும் வேகம் 65 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பல சார்ஜர்களில் இதுதான் அளவு. அதோடு நிற்காமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அதன் மடங்குகளிலும் அலைகள் கிளம்பும். 11-வது மடங்கு 715 கிலோஹெர்ட்ஸ். சென்னை வானொலியின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். அதன் தலையில்தான் போய் உட்கார்கிறது சார்ஜர்.

இந்தக் குப்பை அலைகள் வீட்டு ஒயருக்குள் போகாமல் தடுக்க, சார்ஜருக்குள் ஒரு சின்ன காயிலும் ஓரிரு கண்டன்சர்களும் வைக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். அவை இல்லாவிட்டாலும் போன் சார்ஜ் ஆகும். வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும்.

இதை வைத்து ஆர்வலர்கள் போடும் கணக்கு எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பில்டரைக் கழற்றியவர், கண்ணுக்குத் தெரியாத மற்ற இடங்களில் மட்டும் ஒழுங்காக இருந்திருப்பாரா? 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை அவர் சரியாக விட்டிருப்பாரா? ஷாக் அடிப்பதும் அடிக்காததும் அந்தச் சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேடியோ கத்தவில்லை என்பதற்காக அந்தச் சார்ஜர் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இது சந்தேகப்பட வைக்கும் சோதனை; சான்றிதழ் கொடுக்கும் சோதனை இல்லை. சான்றுக்கு சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பி.ஐ.எஸ். முத்திரையையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று வரும். சார்ஜரில் இருக்கும் பெயரும் ஆப்பில் வரும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் குப்பைக்கூடைதான். சந்தேகம் தீர்க்கிறேன் என்று மூடியைப் பிளந்து பார்க்கும் வேலை மட்டும் கூடாது. உள்ளே இருக்கும் கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

துப்பறியும் ரேடியோ

சார்ஜர் ஓர் ஆரம்பம்தான். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று வந்தால் பல பேர் மாட்டுவார்கள்.

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இரைச்சல் அப்படியே நின்றுபோனால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். அதன் பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு ஆளைப் பிடிக்கலாம். மெயினை அணைத்தும் கத்துகிறது என்றால் பக்கத்து வீடு, மாடி வீடு, தெரு விளக்கு, மின்கம்பம் என்று விசாரணை விரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். ஒருவர் வீட்டு பல்பு எழுப்பும் சத்தம், ஒயர் வழியாகவே நாலு வீட்டுக்கு நடந்து போகும்.

எல்.இ.டி. பல்பு இதில் பெரிய புள்ளி. பல்புக்குள் இருக்கும் டிரைவரும் சார்ஜர் மாதிரியே மின்சாரத்தை வெட்டித்தான் வேலை செய்கிறது. ஒரே கடையில் ஒரே வாட்டில் வாங்கிய இரண்டு கம்பெனி பல்புகளில் ஒன்று மௌனச் சாமியாராகவும் இன்னொன்று வெட்டுக்கிளிக் கூட்டமாகவும் இருப்பது சாதாரணம். வெளிச்சத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

மின்விசிறி ரெகுலேட்டரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கை சுடுமளவுக்குக் கொதிக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்சாரத்தை வீணாக்கும். ஆனால் ரேடியோவைத் தொந்தரவு செய்யாது. அதற்குப் பின் வந்த, குமிழைத் திருகத் திருக வேகம் சீராக மாறும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை மிச்சம் பிடித்தது, ரேடியோவைக் கொன்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று 'டக் டக்' கென்று நிற்கும் ஸ்டெப் ரெகுலேட்டரோ இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. புது வீட்டுக்கு ஒயரிங் செய்பவர்கள் எலக்ட்ரீஷியனிடம் ஸ்டெப் ரெகுலேட்டர் என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எரியும் நேரத்தில் மத்திய அலை கேட்க நினைப்பது வீண். காப்பி போட்டு முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்வெர்ட்டர் விஷயம் மட்டும் வீட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டியது. விலை குறைந்த 'ஸ்கொயர் வேவ்' ரகம் ரேடியோவில் ஓயாமல் உறுமும். அது ஓடும்போது மின்விசிறியே ஒரு மாதிரி இரையும். 'சைன் வேவ்' ரகம் அந்த அளவுக்குப் படுத்தாது. கரண்ட் போன இரவில்தான் ரேடியோ தேவைப்படும். அந்த நேரத்தில் ரேடியோவைக் கேட்கவிடாமல் செய்யும் இன்வெர்ட்டரால் பாதிப் பயன்தான்.

தண்ணீர் சூழ்ந்த இரவில்

சரி, ரேடியோவுக்கு இரைச்சல் வந்தால் என்ன? பாட்டு கேட்க போன் இருக்கிறது, செய்திக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. 'அந்தக் கொரகொரப்பை முதலில் நிறுத்து' என்று வீட்டில் திட்டுபவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இதற்கான பதில் டிசம்பர் மாதங்களில் கிடைத்திருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு, பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. எவ்வளவு திறக்கிறார்கள், எப்போது நம் தெருவுக்கு வரும் என்பது கரையோரத்தில் இருந்த பலருக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் போன் தொடர்பும் இல்லை. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் கொரட்டூர் தெருக்களிலும் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்று தடவையும் ஒரே கதை: முதலில் கரண்ட் போகும், பிறகு போனில் சார்ஜ் போகும், சார்ஜ் மிச்சம் வைத்திருந்தவர்களுக்கு டவர் போகும்.

செல்போன் டவர் என்பது ஓரிரு கிலோமீட்டர் வட்டத்துக்குச் சேவை செய்யும் சின்ன நிலையம். அதற்கு பேட்டரி உண்டு. சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். சாலையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது ஆள் எப்படி வருவார்? நூற்றுக்கணக்கான டவர்களுக்கும் இதே நிலைதான். வானொலியில் கணக்கே வேறு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையின் சக்தி 200 கிலோவாட். அந்த ஒரே ஓர் ஒலிபரப்பி நின்றுபோகாமல் ஓடினால், சென்னையைத் தாண்டிப் பல மாவட்டங்களில் இரண்டு செல் போட்ட ரேடியோ பேசும். கேட்பவர் ஆயிரம் பேராக இருந்தாலும் கோடிப் பேராக இருந்தாலும் நெரிசல் கிடையாது. 'நெட்வொர்க் பிஸி' என்ற பேச்சே இல்லை.

போனுக்கு அபாய எச்சரிக்கை அனுப்பும் முறை வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2023-ல் நாடு முழுக்கப் போன்கள் திடீரென்று அலறி, சோதனைச் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். நல்ல ஏற்பாடுதான். புயல் வருவதற்கு முந்தின நாள் அது மிகவும் உதவும். ஆனால் அதற்கும் உயிரோடு ஒரு டவரும், சார்ஜ் உள்ள போனும் வேண்டும். புயல் கடந்த இரண்டாவது நாள் இரவு, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஏரி நிரம்புகிறது என்று கேட்க வேண்டிய நேரத்தில் இரண்டும் இருக்காது.

போனுக்குள்ளேயே எஃப்.எம். ரேடியோ இருந்தால் அது பாதித் தீர்வு. இன்டர்நெட் வேண்டாம், டவர் வேண்டாம். ஆனால் பல புதிய போன்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எல்லாப் போன்களிலும் எஃப்.எம். வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளுமாறு கம்பெனிகளுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. காரணமாக அது சொன்னதே பேரிடர் நேரத்தைத்தான். இப்போதே உங்கள் போனில் எஃப்.எம். ஆப் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ஒயர் உள்ள இயர்போன் ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. ப்ளூடூத் இயர்பட்ஸ் இங்கே உதவாது. இன்டர்நெட் வழியாகப் பாடும் ரேடியோ ஆப்களை இதோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவை டவர் போனதும் வாயை மூடிக்கொள்ளும்.

எந்த ரேடியோ வாங்கலாம்?

இந்தக் கேள்வியில் ஆர்வலர்களுக்குள் அடிதடியே நடக்கும். ஆனாலும் சில விஷயங்களில் பெரும்பாலானவர்கள் ஒத்துப்போகிறார்கள்.

பேரிடருக்காக வாங்குவது என்றால் கடையில் எங்கும் கிடைக்கும் பென்சில் செல்லிலோ பெரிய செல்லிலோ ஓட வேண்டும். எஃப்.எம்., மத்திய அலை இரண்டும் வேண்டும். முள் நகரும் சாதாரண ரேடியோவே போதும். அது மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும். ஆன்லைனில் கண்ணைப் பறிக்கும் 'கைப்பிடி சுற்றினால் ஓடும், வெயிலில் சார்ஜ் ஆகும், டார்ச் எரியும், சைரன் அடிக்கும்' ரகங்கள் மேல் பலருக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி இரண்டு வருடம் அலமாரியில் சும்மா கிடந்தால் செத்துவிடும். சுற்றும் கைப்பிடியின் பிளாஸ்டிக் பல்சக்கரம் அவசரத்தில் வேகமாகச் சுற்றும்போதுதான் உடையும். எல்லா வேலையும் செய்கிறேன் என்று வரும் சாமான் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யாது என்ற எண்ணம் இந்தக் கூட்டத்தில் ஆழமாக வேரூன்றியது.

செல்லை ரேடியோவுக்குள் போட்டே வைக்கக் கூடாது. கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். ரேடியோவையும் செல்லையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில், தனித்தனியாக வைக்க வேண்டும். தீபாவளி முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் ஒரு தடவை எடுத்துப் பாட வைத்துப் பார்த்தால் போதும். பவர் பேங்கில் யு.எஸ்.பி. ஒயர் போட்டு ரேடியோவை ஓட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: பவர் பேங்குக்குள்ளும் மின்சாரத்தை வெட்டும் சர்க்யூட்தான் இருக்கிறது. மத்திய அலையில் அதன் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

பொழுதுபோக்காக இறங்குபவர்களுக்குச் சீனாவிலிருந்து வரும் டிஜிட்டல் ரேடியோக்கள் பெரிய வரப்பிரசாதம். அந்தக் காலத்தில் நாலைந்து காயில்களைத் திருகித் திருகிச் செய்த வேலையை இன்று சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய ஒரே சிப் செய்கிறது. எண்ணை அழுத்தினால் அந்த நிலையம் வந்து நிற்கும். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீட்டு இரைச்சலை அது வெல்ல முடியாது. ஐயாயிரம் ரூபாய் ரேடியோ வாங்குவதற்கு முன்னால் நூறு ரூபாய் பல்பை மாற்றிப் பார்ப்பது மேல்.

காசே செலவில்லாத ஒரு தந்திரமும் உண்டு. மத்திய அலை ரேடியோவுக்குள் கறுப்புக் குச்சி மாதிரி ஒரு ஃபெரைட் ராடு இருக்கும், அதுதான் ஆன்டெனா. வெளியே நீட்டும் குழல் எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் மட்டும். ஃபெரைட் ராடுக்குத் திசை உண்டு என்பதால், ரேடியோவை மேஜை மேல் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் இரைச்சல் அமுங்கி நிலையம் தெளியும். பல வீடுகளில் ரேடியோ சரியில்லை என்று பரணில் போட்டதற்குக் காரணம், அதை யாரும் கால்வட்டம் திருப்பிப் பார்க்காததுதான்.

இன்னும் வேண்டும் என்பவர்கள் அட்டைப்பெட்டியைச் சுற்றி எனாமல் காப்பர் ஒயரை 15 முதல் 20 சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் ஒரு கேங் கண்டன்சரைச் சேர்த்து, அதன் பக்கத்தில் ரேடியோவை வைக்கிறார்கள். ரேடியோவோடு எந்த ஒயரும் சேர்க்க வேண்டாம். கண்டன்சரைத் திருகும்போது, முனகிக்கொண்டிருந்த நிலையம் 'குப்'பென்று எழுந்து வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மொட்டை மாடியில் நீளமாக ஒயர் கட்டுபவர்கள் மட்டும் மின்கம்பிப் பக்கமே போகக் கூடாது. இடி இடிக்கும்போது ஒயரைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

மூர் மார்க்கெட் முதல் ரிச்சி தெரு வரை

இந்தச் சாமான்களை வாங்க ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயில் ஏறுவார்கள். அந்த ரயில் போய் நிற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் உண்மையான மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகத்தோடு பழைய ரேடியோ உதிரிப்பாகங்களும் கிடைத்த சந்தை அது. 1985 மே மாதம் எரிந்துபோனது. இப்போது சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைய வேண்டும். செல்போன் டிஸ்ப்ளேவும் சி.சி.டி.வி. கேமராவும் ஆக்கிரமித்துக்கொண்ட அந்தச் சந்துகளில் ஃபெரைட் ராடும் ஐ.எஃப்.டி. காயிலும் கேட்டால் சில கடைக்காரர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் மட்டும் சிரித்துக்கொண்டே டப்பாவைத் தேடுவார்கள்.

சென்னைக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் நூறு வருட உறவு. இந்தியாவில் அரசாங்க வானொலி வருவதற்கு முன்பே, 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் அவரது நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் செய்தார்கள். முதல் ஒலிபரப்பியின் சக்தி 40 வாட். பழைய காலத்து ஒரு டியூப்லைட்டின் அளவு. பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. கருவியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930-ல் மறுபடி தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆர்வலர்கள் விளையாட்டாகத் தொடங்கியதை அரசாங்கம் பிறகு எடுத்து நடத்தியது என்பதில் இந்தக் கூட்டத்துக்கு இன்றும் ஒரு பெருமை.

பிறகு ஆவடியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. சென்னை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு அங்கிருந்துதான் வானம் ஏறியது. பகலில் 7380, காலையிலும் இரவிலும் 4920 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கும் சிற்றலை ஆர்வலர்களின் நோட்டுப் புத்தகங்களில் உண்டு. அங்கிருந்து அவர்கள் கடிதம் எழுதுவார்கள்: இந்தத் தேதி, இத்தனை மணி, இந்தப் பாட்டு கேட்டது, இத்தனை தெளிவு என்று. நிலையம் சரிபார்த்து ஓர் அட்டை அனுப்பும். கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். தபால்தலை சேகரிப்பது மாதிரி இதைச் சேகரிப்பவர்கள் தமிழ்நாட்டிலும் நிறைய உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் இதைத் தமிழில் வளர்த்த அமைப்புகளில் முக்கியமானது.

இப்போது கேட்பதற்கான நிலையங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றது. அடுத்த ஆண்டு வேரித்தாஸ் தமிழ்ப்பணி சிற்றலையை விட்டது. அகில இந்திய வானொலியும் பிராந்திய சிற்றலை நிலையங்கள் பலவற்றை மூடிவிட்டது. ஒரு காலத்தில் இலங்கை வானொலிக்காக மொட்டை மாடியில் ஒயர் கட்டிய கைகளுக்கு இது வருத்தம்தான். ஆனால் மத்திய அலையை இன்னும் மூடவில்லை. சூரியன் மறைந்த பிறகு வானத்தின் மேலடுக்கு மத்திய அலையைத் திருப்பி அனுப்பும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் பூந்தமல்லியில் உட்கார்ந்துகொண்டு திருச்சியின் 936, தூத்துக்குடியின் 1053 என்று முள்ளை நகர்த்தலாம். சார்ஜரும் பல்பும் அனுமதித்தால்!

அடுத்து என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையில் ஒலிபரப்ப அகில இந்திய வானொலி நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளை அமைத்திருக்கிறது. எஃப்.எம். தரத்தில் கேட்கும், எழுத்துச் செய்தியும் அபாய எச்சரிக்கையும் திரையில் வரும். சில புதிய கார்களில் இதற்கான ரேடியோ கம்பெனியிலிருந்தே வருகிறது. வீட்டுக்கு வாங்கும் பெட்டிதான் பிரச்னை. கடைகளில் பார்ப்பதே அரிது, விலையும் சாதாரண ரேடியோவைப் போலப் பல மடங்கு. பழைய ரேடியோவில் இந்த ஒலிபரப்பைப் பிடித்தால் மழை கொட்டுவது மாதிரி 'சோ'வென்ற இரைச்சல் மட்டும் கேட்கும். ஏழை வீட்டுக்கு எட்டும் விலையில் பெட்டி வரும் வரை பழைய முறையையும் கூடவே நடத்த வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ஆர்வலர்களின் எண்ணம். வெள்ளம் சூழும் தெருவில் டி.ஆர்.எம். பொருத்திய கார் எத்தனை நிற்கிறது, எத்தனை வீட்டில் கார் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும்.

கேட்பதோடு திருப்தி அடையாமல் பேசவும் வேண்டும் என்பவர்களுக்கு ஹாம் ரேடியோ இருக்கிறது. ரேடியோ கேட்க ஒரு காலத்தில் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார்கள். இன்று கேட்பதற்கு எதுவும் வேண்டாம். பேசுவதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னியலும் ஒலிபரப்பு விதிகளும்தான் பாடம். தேர்ச்சி பெற்றால் 'வி.யு.' என்று தொடங்கும் தனி அழைப்புக்குறி கிடைக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அது இருக்காது.

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகத் தன் குழுவுடன் போயிருந்தார். பல ஆண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து யாருக்கும் கிடைக்காத அனுமதி அது. பொழுதுபோக்குக்காகத்தான் போனார்கள். 26-ம் தேதி காலையில் சுனாமி வந்தது, தொலைபேசி செத்தது. விடுதி அறையில் இருந்த அந்தக் கருவி வழியாகத்தான், தீவுகளில் இருந்தவர்களின் நிலையை முதன்முதலாகப் பலரது உறவினர்கள் தெரிந்துகொண்டார்கள். 2015 வெள்ளத்தின்போது சென்னையிலும் ஹாம்கள் கருவிகளோடு உதவிக்கு இறங்கினார்கள்.

மிக்ஜாம் சமயத்தில் நாலு நாள் போன் சும்மா கிடந்த வீடுகளில், பரணில் ஒரு ரேடியோ இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டி, செல் வைக்கும் இடத்தில் பச்சை பிடித்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புது செல் போட்டு, 720-க்குத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள்.